மொன்றியாலில் விட்டு வந்த வெள்ளிக் கொக்குகள்

போன ஜூன் மாதம் இரண்டாம் வாரம் கனடாவில் மொன்றியால் போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை, ஒரு பூச்சாடியை வீட்டுக்கு எடுத்து வரப் போனேன். "அக்கா ஏன் மூன்று வருடமாக ஒன்றும் எழுதவில்லை, ஓரிடமும் போகவில்லையா" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போகவில்லை. போக மனம் வரவில்லை. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெப்ரவரியில், மொன்றியாலில் படித்துக்கொண்டிருந்த என் மகள் பூரணி, நெடுஞ்சாலைப் பனியில் கார் வழுக்கி இறந்துபோனாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை.

அந்தச் சாடி அவளுடையது. மொன்றியாலின் புறநகரான கர்க்லாண்டில் என் கணவரின் தங்கை ரதியின் வீட்டு நிலவறையில்தான் பூரணி தங்கியிருந்தாள். ஒரு சனிக்கிழமை, தேவாலயத்தில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று போனவள் ஒரு நீலப் பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு வீடியோவில் காட்டினாள். கடும் நீலப் பீங்கான். அதன் மேல் வெள்ளியில் நாணல் புல்லும், புல்லுக்குள் இரண்டு கொக்கும். வெள்ளி கறுத்துப்போய் இருந்தது.

"இதென்னடி கரிப்பிடிச்ச சாமான்?" என்றேன்.

அவள் சாடியைக் கவிழ்த்து அடியைக் காட்டினாள். "அம்மா, முத்திரையைப் பாருங்கோ. இது எங்கட வீட்டிலையிருந்து அரை மணித்தியால ஓட்டத்திலை செய்தது. இதைப் பிறந்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டு வாறன்."

நாங்கள் இருப்பது ஜேர்மனியில், பவேரியா மாநிலத்தில், செக் எல்லையோரம், ஸெல்ப் என்ற ஊருக்குக் கிட்ட. அந்தப் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பீங்கான் தொழிற்சாலையில்தான் விழ வேண்டும். அங்கே முப்பது வருடம் குடியிருந்தும் கோப்பி குடிக்கிற கோப்பையை ஒருநாள்கூடக் கவிழ்த்துப் பார்த்தவள் இல்லை நான். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. நாளுக்கு இருநூறு பீங்கான் கழுவினால் பீங்கான் மேல் யாருக்கு ஆசை வரும்? பூரணிதான் படிப்பாகவே அதைப் படித்தாள்.

அவள் வரவில்லை. செத்த வீட்டுக்குப் போனபோது சாடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அன்றிருந்த நிலையில் வழியில் உடைத்துவிடுவேன் என்று பயந்து, "கவனமா வைச்சிரு, வந்து எடுக்கிறன்" என்று ரதியிடம் விட்டுவிட்டு வந்தேன். பிள்ளை சொன்ன சொல் ஒன்றாவது நிறைவேற வேண்டும், அவள் வராவிட்டாலும் அந்தச் சாடியாவது வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் இந்த முறை புறப்பட்டேன்.

பிராங்பேர்ட்டிலிருந்து நேரடி விமானம், போக வர 742 யூரோ. ஏழே முக்கால் மணி நேரம். கணவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை ஆகி அப்போதுதான் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தார், அதனால் தனியாகவே போனேன். சாடி வைக்க ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் பழைய துவாய் நான்கு. போகிற வழியில் அந்தப் பெட்டிக்குள் வேறு ஒன்றும் வைக்கவில்லை. வெறும் பெட்டியை ஊடுகதிரில் பார்த்த பிராங்பேர்ட் அதிகாரி என்னையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும்.

மதியம் ஒன்று நாற்பதுக்கு இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து நகர நடுவுக்குப் பஸ் இருக்கிறது, 11 டொலர், அதே சீட்டில் இருபத்து நான்கு மணி நேரம் பஸ்ஸிலும் மெற்றோவிலும் போகலாம். டாக்சிக்காரர்களிடம் அகப்படாதீர்கள். சீட்டு இயந்திரம் பிரெஞ்சில்தான் முகம் காட்டியது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்னால் நின்ற ஒரு பையன் கையை நீட்டி ஒரு மூலையைத் தொட்டான்.

"இங்கிலீஷ் இங்க இருக்கு பாருங்க ஆன்ட்டி. இப்ப கார்டை வைங்க."

"எப்பிடித் தம்பி நான் தமிழ் எண்டு கண்டுபிடிச்சனீர்?"

"மெஷினைத் திட்டினீங்களே ஆன்ட்டி!"

சென்னைப் பிள்ளை, பொறியியல் படிக்க வந்திருக்கிறான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். ஊர் முழுக்க வீதியைக் கிளறிச் செம்மஞ்சள் கூம்பு நட்டு வைத்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் என்று எழுதியிருந்த பயணம் ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. "பொண்ணைப் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

முதல் இரவு விடுதியில் தங்கினேன், 128 டொலர், காலைச் சாப்பாடு கிடையாது. ரதி போனில் கோபித்தாள், "வீடு இருக்க விடுதியோ மச்சாள்?" என்று. பூரணி இருந்த வீட்டுக்குள் நேரே போய் நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை. அதை அவளிடம் சொல்லாமல் களைப்பு என்று சாட்டுச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு, பூரணி அடிக்கடி சொல்லும் பழம்பொருள் கடைத் தெருவுக்குப் போனேன். நகர நடுவிலிருந்து மேற்கே நோத்ர்-டாம் தெருவில் நடக்க வேண்டும், இரண்டு கிலோமீற்றர் வரும். முந்தி நிறையக் கடைகள் இருந்தனவாம். இப்போது பாதி இடத்தில் கோப்பிக் கடை. மிஞ்சிய கடைகளில் ஒன்றில், கண்ணாடி அலமாரிக்குள் என் சாடியின் உறவுக்காரர்கள் இருந்தார்கள். வெள்ளிப் பூ போட்ட ஒரு கோப்பிக் கேத்தல், ஆறு கோப்பை, ஒரு சீனிப் பாத்திரம். விலை 340 டொலர்.

இந்தச் சாமான்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பூரணி போனில் சொன்னதுதான். பீங்கான் செய்யும் வித்தை வெகுகாலம் கிழக்கே, சீனா பக்கம் மட்டுமே இருந்தது. சாக்சனி அரசன் ஒரு ரசவாதியைப் பூட்டி வைத்துத் தங்கம் செய் என்று சொல்ல, கடைசியில் தங்கம் வராமல் பீங்கான் வந்தது. இது நடந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அடுத்த நூற்றாண்டில் எங்கள் பக்கத்துக்கும் தொழில் வந்துவிட்டது. வெள்ளைக் களிமண் கிட்ட, சூளைக்கு விறகு காட்டில், பிறகு எல்லைக்கு அப்பாலிருந்து ரயிலில் நிலக்கரி. வேறென்ன வேண்டும்? ஊருக்கு ஊர் தொழிற்சாலை எழும்பியது. எல்லாரும் படம் போட்டே விற்கவில்லை. வெறும் பீங்கானாகச் சுட்டு, அலங்கரிக்கிறவர்களுக்கு விற்றவர்களும் பலர்.

அப்படி வாங்கியவர்களில் ஷ்வேபிஷ் க்முண்ட் என்ற ஊரின் வெள்ளிவேலைக்காரர்களும் உண்டு. வெள்ளி சும்மா போய்ப் பீங்கானில் ஒட்டாது, வழுக்கிவிடும். அதனால் வெள்ளித்தூள் சேர்ந்த ஒரு பசையால் படத்தைக் கீறிச் சூளையில் சுடுவார்கள். அந்தப் பசை பீங்கானின் பளபளப்பைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். பிறகு வெள்ளி கரைந்த தொட்டிக்குள் இறக்கி மின்சாரம் விட்டால், கீறிய இடத்தில் மட்டும் வெள்ளி வந்து படியும். அதைச் செதுக்கி மினுக்கினால் வேலை முடிந்தது. படிகிறது மெல்லிய தோல்தான், ஆனால் கலப்பில்லாத வெள்ளி. அதனால் அடியில் 1000/1000 என்று அடிப்பார்கள், ஆயிரத்துக்கு ஆயிரமும் வெள்ளி என்று கணக்கு. ஒரே சாமானில் இரண்டு முத்திரை இருக்கும், பீங்கான் சுட்டவருடையது ஒன்று, வெள்ளி போட்டவருடையது மற்றது. "பெத்தவள் ஒருத்தி, நகை போட்டவள் இன்னொருத்தி அம்மா" என்று பூரணி சொல்லிச் சிரிப்பாள். இரண்டு யுத்தங்களுக்கும் நடுவில் இவை கப்பலேறி அமெரிக்கா, கனடா என்று போயிருக்கின்றன. இரண்டாம் யுத்தம் முடிந்த கையோடு செய்தவற்றில் "அமெரிக்க வலயம்" என்றுகூட முத்திரை இருக்கும், எங்கள் பக்கம் அப்போது அமெரிக்கப் படையின் கையில் இருந்தது. தோற்று இடிந்து கிடந்த சனம் பூச்சாடி செய்து விற்றுச் சாப்பிட்டிருக்கிறது.

கடைக்காரர் கேத்தலை எடுத்துக் கையில் தந்தார். நான் முதல் வேலையாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். "ஆ, மதாமுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார் அரை ஆங்கிலத்தில். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வாங்குகிறீர்களா என்று கேட்டார். "வேண்டாம், எனக்குச் சொந்தமாக ஒன்று இருக்கிறது, இதைவிட வடிவானது, இன்றைக்கு எடுக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

கர்க்லாண்டுக்கு மெற்றோவில் சென்ட் லோரன்ட் பக்கம் போய், அங்கிருந்து மேற்கே போகும் எக்ஸ்பிரஸ் பஸ் எடுக்க வேண்டும். இலக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது, அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். ரதி கார்டரியில், அதாவது பிரெஞ்சுக்காரரின் குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறாள். அன்றைக்கு லீவு போட்டு, இறாலும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துவிட்டு வாசலில் நின்றாள். கட்டிப்பிடித்து அழுதோம். நிலவறைப் படிக்கட்டுப் பக்கம் நான் திரும்பவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும், "இருங்கோ மச்சாள்" என்று மேலே போய், புதுத் துவாயில் சுற்றி எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்துத் துவாயை விலக்கினாள்.

நீலச் சாடி. வெறும் நீலம். நாணலும் இல்லை, கொக்கும் இல்லை. வெள்ளி இருந்த இடமெல்லாம் மங்கிச் சொரசொரத்துக் கிடந்தது.

"எங்கையடி வெள்ளி?" என்றேன்.

"அம்மனுக்குக் குடுத்திட்டன் மச்சாள்." அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "பிள்ளையின்ர முதலாம் வருச ஆட்டைத் திவசத்துக்கு ஏதேனும் செய்யவேணும் எண்டு மனசுக்குள்ளை கிடந்தது. அந்த நேரம்தான் கோயிலிலை அம்மனுக்குக் கவசம் செய்ய வெள்ளி சேர்த்தவை. சனம் பழங் கொலுசு, உடைஞ்ச குங்குமச் சிமிழ் எண்டு குடுக்குது. சாடியைத் துடைக்கக் கவிட்டுப் பாத்தன், அடியிலை ஆயிரம் எண்டு அடிச்சிருக்கு. நகை செய்யிற ஆளிட்டைக் கேட்டன், ஓம், சுத்த வெள்ளி எண்டார். எல்லாரும் குடுக்கிறதிலை எங்கட பிள்ளையின்ரதான் சுத்த வெள்ளியா இருக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன். திராவகத்திலை போட்டு எடுத்துத் தந்தார். சாடி உடையேல்லை, பாருங்கோ. உங்களுக்கெண்டு கவனமா வைச்சிருந்தனான். போனிலை சொல்லாமல் நேரிலை காட்டுவம் எண்டிருந்தன்."

"எவ்வளவு வந்தது?"

"அதையேன் கேக்கிறியள், தூக்கிப் பாத்தால் அந்தப் பாரம் பாரமாய் இருந்தது. வந்தது ஒரு சின்னப் பொட்டளவு. பிள்ளையின்ர பேரிலை இவ்வளவோ எண்டு எனக்கு அழுகை வந்திட்டுது. என்ர கொலுசு ரெண்டையும் சேர்த்துப் போட்டன்."

ஆயிரம் என்பது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று சொல்கிற எண், எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற எண் அல்ல. இதை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சொல்லக்கூடியவள் செத்துப்போனாள். நகை என்றால் உருக்கலாம், உருக்கி இன்னொன்று செய்யலாம், கோயிலுக்குக் கொடுத்தால் புண்ணியம், இதுதானே எங்கள் சனத்தின் வழக்கம்? நானே எத்தனை தரம் உருக்கியிருக்கிறேன்! யாரிடம் போய்க் கத்துவது?

கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தப் பெப்ரவரி இரவு, நாங்கள் ஜேர்மனியில் விமானச் சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போய்த் துணியை விலக்கி, இது எங்கட பிள்ளைதான் என்று சொன்னவள் ரதி. நான் பார்க்க வேண்டியதை அவள் பார்த்தாள். அவளோடு நான் என்ன சண்டை பிடிக்க?

"நல்லது செய்தாய்" என்றேன். அன்றிரவு அவள் வீட்டுக் கூடத்தில் சோபாவிலேயே படுத்தேன். ஒரு வாசகம், ஒரே ஒரு வாசகம் பிள்ளை சொன்னது, அதையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. இனி எதற்குத்தான் நான் இருக்கிறேன் என்று இருந்தது. இதைப் பயணக் கட்டுரையில் எழுதக் கூடாது என்பீர்கள். அதற்கு நான் என்ன செய்ய, அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

மறுநாள் புதன்கிழமை. அந்தக் கவசத்தையாவது கண்ணால் பார்ப்போம் என்று நினைத்தேன். கொக்கு எங்கேயோ அதற்குள் இருக்கிறது, அம்மனின் தோளிலோ பாதத்திலோ. ரதி வேலை முடிந்து வந்து ஐந்தரைக்குக் காரில் கூட்டிப்போனாள். கோயில் சென்ட் லோரன்டில், தொழிற்சாலைகளுக்கு நடுவே. ஒரு பக்கம் மருந்துக் களஞ்சியம், மறுபக்கம் லொறிகள் பின்வாங்குகிற முற்றம். கர்க்லாண்டிலிருந்து பதினைந்து கிலோமீற்றருக்கு மேல், கூம்புகளின் புண்ணியத்தில் ஐம்பது நிமிடம். வெளியே இருந்து பார்த்தால் கோயில் என்று சொல்ல மாட்டீர்கள். கதவைத் திறந்தால்தான் கற்பூரம் மணக்கும்.

அம்மன் சிவப்புப் பட்டில் இருந்தாள். கவசம் இல்லை.

ஐயர் அண்மையில் ஊரிலிருந்து வந்தவராம், இளம் ஆள். ரதி கேட்டாள். "கவசம் ஆடிப்பூரத்துக்கும் நவராத்திரிக்கும்தான் சாத்திறது அம்மா. இப்ப வங்கியிலை, லொக்கரிலை கிடக்கு. நவராத்திரிக்கு வாங்கோவன், கண் கொள்ளாது" என்றார்.

என் விமானம் மறுநாள் மாலை. நான் தலையாட்டினேன். ரதி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு அர்ச்சனைச் சீட்டு எடுத்து வந்து கையில் திணித்தாள், 10 டொலர். தட்டை நீட்டினேன்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

"பூரணி. ரேவதி நட்சத்திரம்" என்றேன்.

இருபத்தைந்து வருடம் எந்தக் கோயிலிலும் அந்தப் பெயரைத்தானே முதலில் சொல்லியிருக்கிறேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. செத்தவர்களின் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஐயருக்கு எங்களைத் தெரியாது.

"படிக்கிற பிள்ளையோ?" என்று கேட்டார்.

நான் ரதியைப் பார்க்கவில்லை. "ஓம். படிக்கிறா."

அவர் அம்மன் பக்கம் திரும்பி, ரேவதி நட்சத்திரத்தில் பிறந்த பூரணிக்கு ஆயுளும் ஆரோக்கியமும் நல்ல படிப்பும் வேண்டும் என்று மந்திரம் சொல்லத் தொடங்கினார். மணி அடித்தார். பூப் போட்டார். மூன்று வருடமாக யாரும் அவளுக்காக ஒன்றும் கேட்கவில்லை, எல்லாரும் அவளுடைய ஆத்மா சாந்திக்கே கேட்டார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்த மனம் இல்லை. முடியும்வரை கை கூப்பிக்கொண்டு நின்றேன். தட்டைத் திருப்பித் தந்து, திருநீற்றைக் கடதாசியில் மடித்து வைத்தார். "பிள்ளை வந்தவுடனை நெத்தியிலை பூசிவிடுங்கோ."

காருக்குள் ஏறியதும் ரதி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். "மச்சாள், என்னை ஏசுங்கோ. நேற்றிலையிருந்து ஒண்டும் சொல்லாமல் இருக்கிறியள். உங்கட முகத்திலை தெரியுது, நான் செய்யக் கூடாததைச் செய்துபோட்டன். வாய்விட்டு ஏசுங்கோ."

"காரை எடு ரதி, மழை வரப்போகுது" என்றேன். அவளுடைய முதுகைத் தடவினேன்.

மறுநாள் விமான நிலையச் சோதனையில் ஒரு பெண் துவாய்களை விலக்கிச் சாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொரசொரத்த இடத்தில் கையுறை மாட்டிய விரலை ஓட்டிப் பார்த்து, இதன் மேல் ஏதாவது இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "கொக்கு" என்று தமிழில் சொன்னேன். போகச் சொல்லிவிட்டாள்.

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பீங்கானைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள், கையோடு கொண்டு போங்கள், இரண்டு துவாய் போதும். ஜூன் மாதத்தில் குடை வேண்டும். எந்தப் பயணத்துக்கும் கூம்புகளுக்கென்று அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் வெள்ளி போட்ட பழைய பீங்கான் இருந்து, அடியில் ஆயிரம் என்று இருந்தால், தயவுசெய்து அதை உருக்கக் கொடுக்காதீர்கள். கறுத்தால் கறுக்கட்டும். நாலு பேருக்குச் சொல்லியும் வையுங்கள். மொன்றியாலில் இருப்பவர்கள் யாராவது நவராத்திரிக்கு அந்தப் பக்கம் போனால், கவசத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். படம் அனுப்ப வேண்டாம். பார்த்தால் போதும்.

சாடி இப்போது எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கிறது, அது பிறந்த இடத்திலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில். பின்னேர வெயில் சரிவாக விழுகிறபோது மட்டும் அந்தச் சொரசொரப்பில் இரண்டு கொக்கும் மங்கலாகத் தெரியும். அந்த வேளையில் இவர் ஊன்றுகோலோடு வந்து பக்கத்தில் நிற்பார். ஐயர் தந்த திருநீறு சாடிக்குள்ளே மடித்தபடி இருக்கிறது. பிள்ளை வந்தவுடன் பூசச் சொல்லித் தந்தது, அதை நான் எடுத்துப் பூச முடியாது.